எனக்குத் தெரியாமல்

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் நான்கு பிழைகள்தான். பாடப்புத்தகங்களில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். 'ஏரி கரையில்' என்று இருந்ததை 'ஏரிக்கரையில்' என்று மாற்றியிருக்கிறேன். 'எனக்கு தெரியாமல் அண்ணன் தண்ணீரில் இறங்கிவிட்டார்' என்ற வரியில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்துவிட்டேன். பேனாவை மூடும்போதுதான் அந்த இரண்டு சொற்களையுமே அடிக்க வேண்டும் என்று தோன்றியது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்துவிடலாம். அச்சுக்குப் போன பிறகு திருத்த முடியாது. பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிறவள், இது என் கண்ணில் பட்ட பிறகு விட மனம் வரவில்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். ஆட்டிசம் என்ற சொல்லை மருத்துவர் எங்கள் வீட்டுக்குத் தந்தபோது அவனுக்கு ஏழு வயது. அதற்குள் அம்மா வேறொரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். போதும். அவனுக்குத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பான். சோறு போடப் போட வாந்தி வரும்வரை சாப்பிடுவான். 'போதும்' என்றால் அந்த நொடியே நின்றுவிடுவான். அதுவும் அம்மாவோ நானோ சொன்னால்தான். மாமா வரும்போதெல்லாம், "உங்கண்ணனுக்கு ரிமோட்டே உன் வாய்தான். பேட்டரி தீந்துடாம பாத்துக்கம்மா" என்று சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "இவளப் பெத்ததே அவனுக்காகத்தான்" என்று சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவன் தானாக ஒன்றும் பேச மாட்டான். நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்வான். "பசிக்குதா?" என்றால் "பசிக்குதா" என்பான். அதனால் எங்கள் வீட்டில் அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு வார்த்தை. என்னைப் பாப்பா என்பான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கோடை விடுமுறையில், மொட்டைமாடியில் வெறுங்காலோடு அவனை நிற்கச் சொல்லிவிட்டுக் கீழே வந்து கதைப்புத்தகம் படித்தேன். மத்தியானம் முழுவதும் நின்றான். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. அம்மா மருந்து தடவிக்கொண்டே, "மறந்துட்டியாடி?" என்றாள். மறந்துட்டேன் என்றேன். மறக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் நினைத்தேன். ஒரு சொல் என் வாய்க்குள் இருக்கிறது, அதற்காக ஒருவன் மேலே காத்திருக்கிறான் என்று நினைத்தபடி படிப்பது நன்றாக இருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் முட்டிபோட்டு ஊர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அம்மா போன வருஷம் இறந்தாள். அதன் பிறகு எல்லாம் நான்தான். எனக்கு அது பாரமாக இல்லை. காலையில் பல் தேய்ப்பு, போதும். குளியல், போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குக் கூட்டிப்போவேன். தண்ணீர் அவனுக்குப் பிடிக்கும். படியிறங்கி நேராக நடப்பான். முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பைத் தொட்டதும் போதும் என்பேன். திரும்பி வந்து துண்டுக்குக் கை நீட்டுவான். ஒரு ஞாயிறுகூட இது தப்பியதில்லை.

அச்சகத்தில் உடன் வேலை பார்க்கும் அக்காதான் அண்ணனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியைப் பற்றிச் சொன்னார். நல்ல விடுதி, அதை நான் மறுக்க மாட்டேன். ஜன்னலோரம் கட்டில், பின்பக்கம் தோட்டம். மூன்று நாள் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது சாப்பாட்டு நேரம். நீல மேலங்கி போட்ட ஒரு பெண் பரிமாறிக்கொண்டிருந்தாள். இவன் தட்டின் மேல் கரண்டியை நிறுத்தி, "போதுமாண்ணா?" என்று கேட்டாள். பாவம், இவளுக்குத் தெரியாது, 'போதுமாண்ணா' என்றே திருப்பித் தருவான் என்று நினைத்து நான் புன்னகைத்தேன்.

அவன் தட்டைப் பார்த்தான். கையை விரித்துத் தட்டை மூடினான். "போதும்" என்றான்.

"பாத்தீங்களாக்கா, கேட்டா சொல்றாரு. முதல் நாள்தான் கொஞ்சம் முழிச்சாரு" என்றாள் அவள். பிறகு வெகுளியாக, "வீட்ல யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

பொறுப்பாளர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழம கொண்டு வந்து விடுங்க. அவர நாங்க பாத்துக்கறோம். இனிமேலாவது நீங்க உங்க வாழ்க்கையப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைத்தான் யோசித்தேன். என் வாழ்க்கை என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. பொறாமை என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள். ஒரு பரிமாறுகிற பெண்ணின் மேல் எனக்கென்ன பொறாமை. நான் அவன் நன்மையைத்தான் யோசித்தேன். நாளைக்கு அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டால் யார் கேட்பார்கள்? கேட்க மறந்தால் அவன் வயிறு என்னவாகும்? முப்பத்தைந்து வருஷம் என் சொல்லுக்கு நின்றவனை மூன்று நாள் பழகியவர்களிடம் எப்படி விடுவது? சரியாக வளர்க்கப்பட்ட ஒருவனைக் கெடுத்துவிடுவார்கள் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல ஏரிக்குப் போனோம். அவன் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தான். படியிறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது ஒரு செயலா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மார்புவரை வந்தது. அங்கே அவன் நின்றான். யாரும் சொல்லாமல் அவன் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"போதுமா பாப்பா" என்றான்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அவன் மறுபடி ஆழத்தைப் பார்த்துத் திரும்பி நடந்தான். கழுத்துக்கு மேல் அதிக நேரம் ஆகவில்லை. நான் அவன் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். அதன் பிறகு சத்தம் போட்டேன். ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ஆகவே 'எனக்குத் தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு 'நான் சொல்லி' என்று மாற்றுங்கள். 'அண்ணன் பேச்சு வராதவர்' என்று ஒரு வரி இருக்கிறது, அதையும் எடுத்துவிட்டு, அவன் சொன்னதை அப்படியே போடுங்கள். அது விடுதிப் பெண் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான், வேறொன்றுமில்லை. அவள் அண்ணா என்றாள், இவன் பாப்பா என்று சொல்லியிருக்கிறான், வித்தியாசம் அந்த ஒரு சொல்தான். என் பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் சொன்னதற்குப் பின்னால் கேள்விக்குறி மட்டும் போட வேண்டாம். அவனுக்குக் கேட்கத் தெரியாது.