வாத்துக்குத் துணையாக ஓடியவன்

காலையில் ஓடிப் பழகினால் நன்றாகப் பசிக்கும் ஐயா. தூக்கமும் வரும். நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற உங்களுக்கும் நல்லதுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. பின்னறையில் நானும் இயந்திரமும் மட்டும்தான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நிலைமையில்தான் ஏரிக்கரை ஓட்டக்குழுவில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு பழக்கம். யார் பின்தங்கினாலும் ஒருவர் திரும்பிப் போய் அவரோடு ஓட வேண்டும். எப்போதும் பின்தங்குகிறவர் ரொட்டிக் கடைக்காரர். பாதத்தை அகட்டி வைத்து ஓடுவதால் அவருக்கு வாத்து என்று பெயர். அவரே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். அவருக்காகத் திரும்பிப் போகிற ஆள் நான். தங்கமான மனுஷன் என்று என்னைச் சொன்னார்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாலும் வாத்துக்கு வாய் ஓயாது. அடுப்பு, மாவு, மாமியார் எல்லாம் வரும். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்திருப்பேன் தம்பி" என்பார். அன்றைய பொழுதுக்கு எனக்கு அது போதும்.

போன மாதம், ஓட்டப் போட்டி ஒன்றுக்குக் குழுவில் எல்லோரும் பெயர் கொடுத்திருந்த சமயம், அவர் ஓடத் தொடங்காமல் நின்றுகொண்டே சொன்னார். "நெஞ்சுல அடைப்பு இருக்காம். ஓடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். போட்டிக்கு நான் வரல தம்பி."

இனி என்னோடு பேச யார் என்றுதான் முதலில் தோன்றியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "டாக்டருங்க அப்படித்தாண்ணே பயமுறுத்துவாங்க. மெதுவா ஓடுவோம். கூட நான் இருக்கேன்ல?"

சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். சாயங்காலம் அவர் மனைவி போனில் அழைத்தார். "நீங்க சொன்னாத்தான் கேப்பாரு தம்பி. எப்படியாவது தடுத்துருங்க."

"கவலைப்படாதீங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்."

போட்டியன்று அவர் கால்சட்டையில் பை இல்லை. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை என்னிடம் கொடுத்துவைத்தார். பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. "மாத்திரை" என்றார்.

"மேல ஏறினதும் தரேண்ணே. இன்னும் கொஞ்சம்தான்."

யோசித்துத்தான் சொன்னேன். மாத்திரையைக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அப்புறம் ஏரிக்கரைப் பக்கமே வரமாட்டார். ஓடி முடித்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நம்பினேன். முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அவரும் ஓடினார். பாவம், என் பேச்சைத் தட்டவே மாட்டார்.

உச்சியில் விழுந்தார். முதலுதவிக் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, "சபாஷ்ணே, வந்துட்டோம், எழுந்திரிங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து, கடந்து போனவர்கள் எங்களுக்குக் கை தட்டினார்கள். அவருடைய விரல்கள் என் பையைத் தேடின. அந்தக் கையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அது தளர்ந்த பிறகுதான் ஆட்களை அழைத்தேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதார். "கடைசி வரைக்கும் அவரை விடாம இருந்தீங்களே தம்பி."

ஆமாம் என்றேன்.

ஆக, அவரைக் கொன்றது நான்தான். மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். யாருக்கும் என்மேல் துளி சந்தேகம் இல்லை. குழு கலைந்துவிட்டது. மனசாட்சி உறுத்தியதால் வந்திருக்கிறேன் என்று இந்தக் காவல் நிலைய வாசலில் இருந்த காவலரிடம் சொன்னேன். அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். நான் வேகமாகச் சொன்னால், கொஞ்சம் இருங்கள், எழுதிக்கொள்கிறேன் என்கிறீர்கள். இவ்வளவு நேரம் என்னோடு யாரும் உட்கார்ந்து எத்தனையோ நாளாயிற்று. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன் ஐயா. இருந்தாலும் நாளைக்கும் ஏதாவது கேளுங்கள். நீங்களேதானே வருவீர்கள்?