சாம்பல் பிடிக்கும் பை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது.

மாலை ஆறரை மணி. மின்மயானத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலை... ஈ காக்கை கிடையாது. சித்தப்பாவுக்கு அங்கே உலையை இயக்கும் வேலை. அன்று எரித்தது வேறு யாரையும் அல்ல, அந்த மயானத்து இரும்புக் கதவில் பதினோரு வருடம் காவல் நின்ற பெரியவரை. சொந்தபந்தம் இல்லாத மனிதர். தினமும் சித்தப்பா கிளம்பும்போது இரண்டு தடவை செருமுவார். க்கும்... க்கும்... "கதவைச் சாத்தட்டுமா தம்பி?" அவ்வளவுதான் பேச்சு.

புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் பை காலையிலேயே கிழிந்துவிட்டது. மெக்கானிக் போனில் படித்துப் படித்துச் சொன்னான்.

"பையை மாத்தாம மூட்டாதீங்கண்ணே. இன்னிக்கு காத்துல ஈரம் ஜாஸ்தி. ஈரம் ஒட்டிக்க ஒரு தூசி போதும், அதைச் சுத்தித் துளி வளரும்... பனிமூட்டமா இறங்கிடும். ஒவ்வொரு துளிக்குள்ளயும் நம்ம சாம்பல்தான் இருக்கும்."

மாற்ற மூன்று மணி நேரமாகும். வீட்டில் நாலு வயது மகளுக்கு இளைப்பு. மருந்து இவர் சட்டைப்பையில். பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மூட்டிவிட்டார்.

வேலை முடிந்ததும், சாத்த ஆளில்லாத கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பத்தடி போவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. விளக்கு வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். விரலில் ஈரம்... சாம்பல் நிறத்தில், நறநறவென்று. தீய்ந்த வாடை வேறு.

பின்னால், காதருகே... க்கும்... க்கும்...

அவர் திரும்பவில்லை. வண்டியை நிறுத்தி மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜன்னலைச் சாத்து. உடனே."

"அப்பா வர்றதைப் பார்க்கணும்னு உங்க மக அங்கயேதான் உட்கார்ந்திருக்கா. பனி உள்ள வருது... ஆனா பாருங்களேன், இளைப்பு சுத்தமா நின்னுடுச்சு."

அடித்துப் பிடித்து வீடு வந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மூச்சு சீராக இருந்தது. மருந்தே தேவைப்படவில்லை. அப்போதுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே கால் வைத்தார்.

இருட்டில், கட்டிலிலிருந்து ஒரு செருமல். க்கும்... க்கும்...

குரல் என்னவோ குழந்தையுடையதுதான்.

"கதவைச் சாத்தட்டுமா தம்பி?"