காஸ்பர் கடைசியாக ஆடிய ஆட்டம்

"ஹலோ... ஆமா, கணேசமூர்த்தி ரேடியோ ரிப்பேர்தான்... யாரு? நோராக்காவா! சொல்லுங்கக்கா... ஆமா ஆமா, உங்க பின்பால் மெஷின்தான், இதோ எதிர்லயே மாப்பிள்ளை கணக்கா நின்னுக்கினு கீது."

லஸ் கடையில் கணேசமூர்த்தி ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி மெஷினைத் தட்டிக் கொடுத்தான். தன்னைப் பாராட்ட வேறு யாரும் முன்வராததால், அந்த வேலையையும் அவனே பார்த்துக்கொள்வது வழக்கம்.

"பிரமாதமா ஓடுது! ஸ்பிரிங்கை இழுத்து வுட்டா குண்டு பிச்சுக்கினு போவுது, மணி அடிக்குது... பாயின்ட்டு காட்ற உருளைங்கள்ல ஆயிரத்து உருளை செத்துக் கெடந்துச்சே, அதுக்கும் உசுரு குடுத்துட்டேன்... ஓடாத மெஷினுன்னா விறகு வெலைதான்க்கா. இப்ப இதோட மரியாதையே வேற. மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் காலையில வந்து பார்த்தாரு. நான் சொன்ன வெலைக்குத் தலையாட்டிட்டாரு. சாயங்காலம் வண்டி அனுப்பறேன்னு... இன்னாது? விக்கலையா?... ஏன்க்கா?... ம்... எந்த நம்பரு?"

ரிசீவர் தோளிலிருந்து நழுவியது. எட்டிப் பிடித்தான்.

"மேலே கண்ணாடில தெரியுமே, பாயின்ட்டு, அதா?... ஆமா, கரண்டு இல்லாட்டியும் அழியாது. அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும் அப்படியேதான் நிக்கும்... காஸ்பர் அண்ணன் கடைசியா ஆடினதா?... ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளு... ம்... அதுக்கப்புறம் போர்வை போட்டு மூடினது மூடினதுதான்... ம்..."

நோராவின் கணவர் காஸ்பர் இறந்த பிறகு மெஷின் கடையில் வந்து இறங்கிய அன்று அவன் செய்த முதல் வேலை, எந்த ரிப்பேர்காரனும் செய்வதுதான். ப்ளக்கைச் சொருகி ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினான். பூஜ்யத்திலேயே சிக்கிக் கிடந்த ஆயிரத்தைத் தவிர மற்ற உருளைகளெல்லாம் கடகடவென்று சுழன்று பூஜ்யத்துக்கு வந்தன. கைதட்டக்கூடச் செய்தான், பாவி. அதற்கு முன் அங்கே என்ன எண் நின்றது? மண்டையை எப்படிக் குடைந்தும் வரவில்லை.

"கீதுக்கா... பத்திரமா கீது... படிச்சுச் சொல்லணுமா? இப்பவேவா?... நீங்க பார்த்ததே இல்லியா?... பார்க்கத் தைரியம் வரல... அழாதீங்கக்கா..."

யாராவது அழுதால் கணேசமூர்த்தியின் வாய் அவனைக் கேட்காமலே ஆறுதல் சொல்லப் போய்விடும். போனதுதான் போனது, கஞ்சத்தனம் எதற்கு என்று தாராளமாகவே போனது.

"நாலாயிரத்து அறுநூத்தி முப்பதுக்கா! அண்ணன் கில்லாடி!... ஹலோ?... அக்கா?... இன்னா சொன்னீங்க?... ஆமா... ஆயிரத்து உருளை... ஆமா, அண்ணன் ஆடினப்ப அது சுத்தவே சுத்தாது, ஆயிரத்தைத் தொடவே முடியாது... அதைச் சரிபண்ணத்தான் குடுத்தீங்க... ஆமா."

தான் சரிசெய்த உருளையிலேயே விரலைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மெக்கானிக் மயிலாப்பூரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அக்கா, நான் அழிச்சுட்டேன்... தெரியாதுக்கா, அமுக்கறதுக்கு முன்னாடி மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கல. ஸ்டார்ட்டை அமுக்கிட்டேன்... ஆமா. அப்புறம் ஆடினேன்... ஒரு தபா இல்ல, தெனமும்... ஆமா, சந்தோஷமாத்தான் ஆடினேன்... திட்டுங்கக்கா. இப்படி மரியாதையா பேசாதீங்க, கேக்க முடியல... கூலி ஒண்ணும் வேணாம். நானே சாந்தோமுக்குக் கொண்டாந்து அதே மூலையில எறக்கி, அதே போர்வையைப் போட்டு... வேணாமா?... ஓட்டலுக்கே குடுத்துடறதா?... அவசரப்படாதீங்கக்கா. குண்டைத் தட்டுற ரெண்டு பக்கத்துப் பொத்தானும் அண்ணன் கைபட்டதுதான், நான் மாத்தல... ம்... ஆமா... அந்த நம்பர் இல்லன்னா வெறும் மெஷின்தான்... சரி... சரிக்கா. அனுப்பிடறேன்."

வைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் வைக்கவில்லை.

"சொல்லுங்க... இப்பவா? இப்ப அதுல இன்னா நம்பர் நிக்குதா?"

நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நூத்தி எழுபது... என்னோடதுக்கா. காலையில ஓட்டல்காரர் எதிர்ல ஆடிக் காட்டினது... ஆமா, ரொம்ப மோசம்தான்... எனக்கு எப்பவுமே இவ்ளோதான்... அக்கா?... அழுவறீங்களா, சிரிக்கிறீங்களா?... நோராக்கா?..."