நடுவில் ஒரு செம்பு

கற்பிட்டி பஸ் நுரைச்சோலையில் காரணமே சொல்லாமல் நின்றுவிட்டது. வெக்கையில் எனக்கு எரிச்சல். முன் சீட்டில் ஒரு தாயும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மகளும்.

“பன்னெண்டு பொன் அணு, நடுவுல ஒரு செம்பு அணு. அந்தத் துணுக்கத்தான் ஆராயிறன் உம்மா.”

“நாளைக்குப் பொண்ணு பாக்க வாற மாப்பிள வீட்டாக்கள்ட்ட செம்பு எண்டு வாயத் திறந்திராத. நாம போடுற நகையும் கலப்படம் எண்டு நினைப்பாங்க.”

“அந்த ஒரு செம்பாலதான் துணுக்குட குணமே மாறுது.”

“ஒண்டே ஒண்டாலயா?”

“பெரிய கட்டியில தெரியாது. இது சின்னது, அதான்.” மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “கலியாணத்துக்குப் பொறகு படிப்ப நிப்பாட்டச் சொல்றாங்களாம், என்ன?”

“ஓம்.” தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அந்தச் செம்ப எடுத்துப்போட ஏலாதா?”

“எடுத்தா அது வேற சாமான்.”

பஸ் நகர்ந்தது.

“அப்ப நாளைக்கு நானே அவங்கள்ட்ட சொல்றன். செம்போட எடுக்கிறதெண்டா எடுங்க, இல்லாட்டித் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க எண்டு.”