பௌர்ணமியன்று வந்த லாரித் தண்ணீர்

விதி இது. டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும் தண்ணீரை ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னும் குளோரினுக்காகச் சோதிக்க வேண்டும். சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு மஞ்சள் தெரிந்தால் யாரையும் மெஷினில் சேர்க்கக்கூடாது. குடித்தால் குளோரின் வயிற்றோடு சரி. மெஷின் வழியாக வந்தால் ரத்தத்தில் கலக்கும். சிவப்பணுக்களை உடைக்கும்.

2004, சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலையில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டர். இரண்டாவது ஷிஃப்ட். நான்கு மெஷின்கள், என்னையும் சேர்த்து நான்கு பேர். என் முதுகு பிளக்கிறது. மூச்சு ஏறவில்லை. வெளியே செங்கம் ரோடு முழுக்க "அரோகரா". உள்ளே ஓர் அலாரம். உடனே இன்னொன்று.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போடுகிற கடலை விவசாயி. சற்று முன்புதான் சிரித்தார்: "ஊரே மலைய சுத்துது சார். நம்ம ரத்தம் மெஷின சுத்துது." இப்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறார்.

"ராஜிம்மா, மூச்சு முட்டுது! நிறுத்தும்மா!"

குழாயைப் பார்த்தேன். ரத்தத்தின் கலங்கல் இல்லை. திராட்சை ரசம் போல ஒளி ஊடுருவியது. நான் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்; என் உடம்பில் நடப்பதற்கான விதிகளைப் படிக்காமல் இருப்பேனா? கத்தினேன்.

"க்ளாம்ப் போடும்மா! ரத்தத்த உள்ள திருப்பாத!"

டெக்னீஷியன் ராஜி ஓடினாள். நான்கு பம்புகளும் நின்றன. உடைந்த ரத்தம் உடம்புக்குத் திரும்பினால் இதயமே நிற்கலாம். குழாயில் இருந்ததெல்லாம் குப்பைக்குப் போனது.

காலையில் சோதித்தார்கள். மஞ்சள் இல்லை. மதியம் போர்வெல் வற்றியது. கிரிவலக் கூட்டத்துக்குப் போன தண்ணீர் லாரியை மடக்கித் தொட்டியை நிரப்பினார்கள். பௌர்ணமி லாரியில் ப்ளீச்சிங் பவுடர் தாராளமாக விழும். கூட்டத்துக்கு வாந்திபேதி வரக்கூடாது. இது ஊருக்கே தெரியும். குளோரினை உறிஞ்ச வேண்டிய கரி வடிகட்டி எப்போதோ செத்திருந்தது. அது சென்டர் முதலாளிக்குத் தெரியும்.

"காலையிலயே பாத்தாச்சே சார்..." ராஜி அழுதாள். காலையில் பார்த்தது வேறு தண்ணீர்.

கோவிந்தனை வேலூருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட்டம் வழிவிடவில்லை, விட இடமில்லை. சைரன் நின்ற இடத்திலேயே கத்தியது. நெடுநேரம் கத்தியது. பிறகு அதை அணைத்துவிட்டார்கள்.

சுகாதாரத் துறைக்கு மனு எழுதினேன். இத்தகைய மனுக்களுக்குப் பதில் தயாரித்தே ஓய்வுபெற்றவன். ஆகவே அவசரப்படவில்லை. நினைவூட்டல்கள் மட்டும் அனுப்பினேன்.

இழப்பு: நான்கு பேரின் குழாய் ரத்தம். ராஜியின் வேலை. கோவிந்தன், வயது நாற்பத்தொன்று. முதலாளி பக்கம் இழப்பு இல்லை.

அன்று லாரியில் வழங்கிய நீர் குடிப்பதற்கு உகந்தது என்று பதில் வந்தது. அதில் பொய் இல்லை. தேதி: 14 மார்ச் 2005.