முப்பதாவது கட்டம்

கால் அங்குலம் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

கிடங்கில் இரவு ஷிப்ட்டைப் பாதியில் விட்டபின் எனக்குப் பகலிலும் தூக்கம் வரவில்லை. அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த தையல் புத்தகம் ஒன்றைப் பார்த்து அவளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்து மாதிரி. கட்டத்துக்கு ஒன்பது சதுரம். நடுச்சதுரம் எல்லாவற்றிலும் ஒரே நீலம். மொத்தம் முப்பது கட்டம்.

நீலத்துக்கு மாமாவின் பழைய வேலைச் சட்டைகள். மாமா என்றால் அக்கா புருஷன், லிஃப்ட் மெக்கானிக். வருடக்கணக்காகத் துவைத்து வெளுத்த அந்த நீலம் எந்தக் கடையிலும் இல்லை.

அட்டையை வைத்து வரைந்தபின், தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்து வெட்டவேண்டும். இருபத்தொன்பது முறை சேர்த்தேன். கடைசித் துண்டில் மறந்தேன். துணியும் தீர்ந்தது.

பாக்கி ஒரே சட்டை. அது அவர் உடம்பில் இருந்தது.

"ஏன் மாப்ள, கையகலத் துணிக்காக என்னை வெறும் உடம்போட வேலைக்கு அனுப்பப் போறியா?"

"பின்னால கீழ்மடிப்புல மட்டும் போதும் மாமா."

"நான் செத்தா முழுசா எடுத்துக்க, போ."

அக்கா சிரித்தாள். "வேற நீலம் வச்சுத் தைடா. எவன் வந்து பாக்கப் போறான்?"

வைத்தேன். பிரித்தேன். பதினோரு முறை. ஓரத்துக்குத் தள்ளினாலும் கண் அங்கேதான் போனது. இரண்டு மாதம் போர்வை அரைகுறையாகக் கிடந்தது. அவர் தினமும் அந்தச் சட்டையோடு என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமையை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அன்றுதான் அந்தச் சட்டைக்குச் சலவை. ரத்தம் பட்ட துணி போர்வைக்கு ஆகாது.

மூன்றாவது மாடிக்கு மேலே, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. கழுவுவதற்காக ஏறியவர், "கெட்டியாப் பிடி மாப்ள, தூங்கிடாத" என்றார். கடைசிப் படிவரை பிடித்திருந்தேன். பிறகு ஏணியை வெளிப்பக்கமாக ஒரு தள்ளு.

இரண்டு வாரம் கழித்து, அவர் துணிகளை ஒதுக்கும்போது அக்காவே அந்தச் சட்டையை என் கையில் கொடுத்தாள். முப்பதாவது கட்டம் முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்தது. அவள் இப்போது அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

அன்றைக்குச் சட்டை கொடியில்தானே காய்ந்தது, எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை சார்.