வெயிலுக்குக் காத்திருந்த பெட்டி

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பேருந்தில், எனக்கு முன்னால் ஒரு பெரியவர் மடியில் சின்ன மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மூடியைத் தள்ளித் திறக்கிற பெட்டி. அவரே செய்தது போலிருந்தது. மூடி இறுகிச் சிக்கியிருந்தது.

"கீழ வெயில் பட்டா தானாத் தொறந்துக்கும்" என்றார் பக்கத்திலிருந்த மனைவியிடம்.

"வெட்டிப் போட்ட மரம் எப்படிங்க வீங்கும்?"

"மழை ஈரத்துல ஊதிக்கிச்சு. போன தடவ கீழ கொண்டுபோனப்ப மூடி லொடலொடன்னு ஆடுச்சுல்ல? அதான் இந்தத் தடவ புது மூடி போட்டு இறுக்கமா இழைச்சேன்."

"அப்ப மலை மேல அளவெடுக்கணுமா, கீழயா?"

"அதான் எனக்கும் புரியல."

"உளிய விட்டு நெம்புங்க."

"மூணு வாரம் மெழுகு போட்டுத் தேச்சிருக்கேன்!"

"நாளைக்கு வெள்ளனே பேத்திக்குக் காதுகுத்து. தோடு உள்ள கெடக்கு. வெறும் பெட்டியா மூடிப் பாத்திருக்கலாம்ல?"

"தோட்டை வச்சு மூடுனா உள்ள ஆடுதான்னு பாத்தேன்."

ஒரு வளைவில் வெயில் உள்ளே விழுந்தது. பெரியவர் பெட்டியை அதில் நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் மூடியைத் தள்ளினார். அது அசையவில்லை.

"விடுங்க" என்றார் அந்த அம்மா. "பெட்டியவே புள்ள காதுல மாட்டிவிட்ருவோம்."